கல்லறைச் சிலுவையும் அவரைப் பந்தலும்

ஆண்டுதோறும் நவம்பர் 2-ஆம் நாள் நெருங்கும்போது நம் பங்குகளின் கல்லறைத் தோட்டங்கள் ஆள் நடமாட்டம் பெறுகின்றன. புல் செதுக்குவோரும், சுண்ணாம்பு அடிப்போரும், மறைந்தவர் பெயரை மீண்டும் எழுதுவோருமாகக் குடும்பங்கள் கூடுகின்றன. 2018-ஆம் ஆண்டு அந்நாளுக்கு முந்தைய மாலை, ஐப்பசி மழை சற்றே ஓய்ந்திருந்த வேளையில், என் தாயாரின் கல்லறையைச் சுற்றி வளர்ந்திருந்த கோரையைக் களைந்துகொண்டிருந்தேன். எழுந்திருக்கும்போது ஊன்றுகோலாக எண்ணிச் சிலுவையைப் பற்றினேன். அது சிறிதும் எதிர்ப்புக் காட்டாமல் என் கையோடு வந்துவிட்டது.

2014-இல் அச்சிலுவையைச் செய்வித்து நட்டவன் நானே. செலவுக்கு அஞ்சவில்லை, தேக்கு மரம்தான் வாங்கினேன். கரையான் அணுகாதிருக்கப் பட்டறையிலிருந்து பழைய எஞ்சின் எண்ணெய் வாங்கி வந்து மூன்று முறை பூசினேன். அடிப்பாகத்தைச் சிமெண்டுக் கலவையில் புதைத்து இறுக்கினேன். இனி என் காலம்வரை இதைத் தொட வேண்டியதில்லை என்று எண்ணிய அந்தச் சிலுவை நான்கு மழைக் காலங்களுக்கே தாங்கவில்லை.

ஒடிந்த சிலுவையைச் சைக்கிளில் வைத்துக் கட்டி, எங்கள் ஊரின் முதிய ஆசாரி ஒருவரிடம் கொண்டு சென்றேன். சூசையப்பரின் தொழிலை ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்து வருபவர் அவர். உளியின் முனையால் மேற்பகுதியில் தட்டினார். மணி போல ஒலித்தது. ஒடிந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தினார். பழைய ரொட்டியைப் போல உதிர்ந்தது. “தம்பி, மேலே மரத்துக்கு ஒரு குறையும் இல்லை. சிமெண்டுக்குள் ஆழத்தில் இருக்கிற துண்டையும் தோண்டிப் பாருங்கள், நன்றாகத்தான் இருக்கும். மண் மட்டத்தில் ஒரு சாண் அளவுதான் போயிருக்கிறது. எந்த மரமும் அங்கேதான் போகும்” என்றார். மறுநாள் தோண்டிப் பார்த்தேன். அவர் சொன்னபடியே இருந்தது.

நம் வீட்டுத் தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். அவரைக்கும் புடலைக்கும் பாகலுக்கும் போடும் பந்தற்கால்கள், வேலிக் கம்பங்கள், படலைத் தாங்கும் தூண், குழந்தைகளுக்கு ஊஞ்சல் கட்டும் மரச்சட்டம், மாலை நேரத்தில் அமரும் மரப்பலகை ஆகிய அனைத்தும் முறிவது அந்த ஒரு சாண் இடத்திலேயே. காய்த்துக் குலுங்கும் பந்தல் ஒரே இரவில் சாய்ந்துவிட்டது என்று வருந்தாத வீடு சிற்றூர்களில் அரிது. ஊஞ்சற்கால் முறிந்தால் இழப்பு காய்களோடு நிற்பதும் இல்லை.

மரம் உளுத்துப்போவது முதுமையினால் அன்று. அஃது ஓர் உயிரின் வேலை. காளான் இனத்தைச் சேர்ந்த பூசணங்களின் கண்ணுக்குத் தெரியாத வித்துகள் காற்றெங்கும் மிதக்கின்றன. ஈரமான மரத்தில் படிந்தவை முளைத்து, நூலினும் மெல்லிய இழைகளை மரத்தினுள் செலுத்தி, அதன் சத்தையே கரைத்து உண்கின்றன. அவற்றிற்கு வேண்டியவை நான்கு: உணவு, நீர், காற்று, மிதமான வெப்பம். உணவு மரமே. வெப்பத்திற்கு நம் நாட்டில் ஆண்டு முழுவதும் குறைவில்லை. எஞ்சியவை நீரும் காற்றும். உலர்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட, அதிலுள்ள ஈரம் நூற்றுக்கு இருபது பங்குக்குக் கீழே இருக்கும்வரை பூசணம் வளர இயலாது. அதைப்போலவே, மரம் முழுவதும் நீரில் அமிழ்ந்து காற்றே புகாதிருந்தாலும் அது வளர்வதில்லை. வெனிஸ் நகரம் சேற்றினுள் அறையப்பட்ட மரக் கம்பங்களின்மீது பல நூற்றாண்டுகளாக நிற்பது இதனால்தான். கேரளத்தில் கிணற்றின் அடியில் நெல்லிப் பலகை இடும் வழக்கத்திலும், நீருக்குள் கிடக்கும் அப்பலகை தலைமுறைகளைக் கடந்து நிற்கக் காண்கிறோம்.

தரைக்கு மேலே காற்று உண்டு. ஆனால் மழை விட்டதும் மரம் உலர்ந்துவிடுகிறது. ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று குறைவு. மண் மட்டத்தை ஒட்டிய அந்த ஒரு சாணில் மட்டுமே இரண்டும் ஓயாமல் கிடைக்கின்றன. நான் இட்ட சிமெண்டோ இந்நிலையை மேலும் மோசமாக்கியிருந்தது. மரம் காய்ந்து சுருங்கியபோது சிமெண்டுக்கும் மரத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளி உண்டாயிற்று. மழைநீர் அதில் இறங்கியது, வெளியேற வழியில்லை. மரத்தைக் காக்கும் உறை என்று நான் எண்ணியது உண்மையில் அதன் காலடியில் வைத்த நீர்க்கிண்ணம்.

உலர்வே மரத்திற்கு முதல் மருந்து என்பதை நம் கடலோர மக்கள் நன்கு அறிந்திருந்தனர். கட்டுமரத்திற்கு அவர்கள் தேர்ந்தது வைரம் பாய்ந்த மரத்தை அன்று, எளிதில் மிதக்கும் மெல்லிய மரத்தையே. தரையில் போட்டுவிட்டால் விரைவில் உளுத்துவிடும் மரம் அது. ஆயினும் கடலிலிருந்து திரும்பியதும் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியே பிரித்து, மணலில் உலர வைத்தார்கள். கட்டுமரம் நீர் குடித்துக் கனக்காமல் இருக்கச் செய்த அவ்வேலை, கட்டையின் ஆயுளையும் காத்தது.

திருச்சபையின் கட்டடக் கலையிலும் இதற்கு வியப்பான சான்று ஒன்று உண்டு. நார்வே நாட்டில் கிறிஸ்தவம் வேரூன்றிய தொடக்கத்தில் கட்டிய மரக் கோயில்களின் தூண்களை நேரே மண்ணில் குழிதோண்டி நட்டனர். அவற்றுள் ஒன்றும் இன்று இல்லை. குழிகளின் தடயங்களே தொல்லியலாருக்குக் கிடைத்தன. பின்னர் வந்த தச்சர்கள் கல் அடித்தளத்தின்மேல் மர உத்தரத்தைக் கிடத்தி, அதன்மீது தூண்களை நிறுத்தினர். அம்முறையில் 12-ஆம் நூற்றாண்டில் எழுந்த ஊர்னெஸ் கோயில் இன்றும் நிற்கிறது. மழையும் பனியும் மிகுந்த அந்நாட்டில், கல்மீது நின்ற இத்தகைய பழங்கோயில்கள் ஏறத்தாழ இருபத்தெட்டு எஞ்சியுள்ளன. வெளிச்சுவர்களுக்குப் பைன் மரத் தார் பூசி வந்தனர் என்பதும் உண்மையே. ஆயினும் மண்ணில் நட்டவை வீழ்ந்து கல்லில் நின்றவை வாழ்ந்தன என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடம்.

நார்வேக்குப் போவானேன்? நம் ஊர்ப் பழைய வீடுகளின் திண்ணைத் தூண்களைக் குனிந்து பாருங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கல் இருக்கும். அழகுக்கு இட்ட கல் என்றே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். கரையான் தூணுக்கு ஏற வேண்டுமானால் அக்கல்லின்மேல் மண்புற்றுப் பாதை கட்டியே ஏற வேண்டும். காலையில் பெருக்குகிறவர் கண்ணில் அது பட்டுவிடும். மண்ணில் நேரே நட்ட கம்பத்திலோ அது உள்ளேயே ஏறி உள்ளேயே தின்றுவிடும்.

மரத்தின் தேர்வைப் பற்றியும் கூற வேண்டும். டேராடூனிலுள்ள வன ஆராய்ச்சி நிலையம் 1906-இல் தோன்றியது. அங்கே பலவகை மரங்களில் இரண்டடி நீளமும் இரண்டங்குலக் கனமும் உள்ள துண்டுகளை அறுத்து, பாதி மண்ணுக்குள்ளும் பாதி வெளியிலுமாக வரிசை வரிசையாக நட்டு, எது எப்போது வீழ்கிறது என்று ஆண்டுக்கணக்கில் பார்த்துவந்தனர். வரிசையாக நிற்கும் அந்தத் துண்டுகளின் தோற்றத்தால் மரவியலார் அதற்கு இட்ட பெயர் ‘கல்லறைத் தோட்டச் சோதனை’ என்பதாகும்! இதைப் படித்த அன்று, நானும் அறியாமலே அத்தகைய சோதனை ஒன்றை நடத்தியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அச்சோதனையில் பத்தாண்டுகளுக்கு மேல் நிற்பவை முதல் வகுப்பு. ஐந்திலிருந்து பத்தாண்டு நிற்பவை இரண்டாம் வகுப்பு. ஐந்தாண்டுக்குள் வீழ்பவை மூன்றாம் வகுப்பு. தேக்கு முதல் வகுப்பு. மாமரம் கடைசி வகுப்பு.

அவ்வாறாயின் என் தேக்கு ஏன் வீழ்ந்தது? வகுப்பு கூறுவதெல்லாம் மரத்தின் நடுவிலுள்ள வைரத்திற்கே பொருந்தும். பட்டையை ஒட்டிய வெளிர்ப்பகுதியை ஆசாரிகள் ‘வெள்ளை’ என்பர். மரம் உயிரோடிருந்தபோது நீரையும் உணவையும் சுமந்த பகுதி அது. பூசணத்திற்கும் பூச்சிக்கும் அதுவே விருந்து. தேக்கின் வெள்ளைக்கும் மாமரத்தின் வெள்ளைக்கும் பெரிய வேற்றுமை இல்லை. குறைந்த விலைக்கு நான் வாங்கிய சட்டத்தில் ஒரு பக்கம் முழுவதும் வெள்ளையாகவே இருந்திருக்கிறது. எஞ்சின் எண்ணெயின் கருமையில் அதை நானே மறைத்துவிட்டேன். பனையில் இது நேர்மாறு: வெளிப்புறத்தின் கருஞ்சிராய்தான் வலிமை, உள்ளே இருக்கும் சோறு விரைவில் அழியும். ஆகையால் பனஞ்சட்டம் வாங்குகிறவர் உட்சோற்றைச் செதுக்கித் தள்ளிவிட வேண்டும். பந்தலுக்கு நாம் பெரிதும் நம்பியிருக்கும் இளஞ்சவுக்கில் பெரும்பகுதி வெள்ளையே. மண்ணில் நட்டால் அது நெடுநாள் நில்லாததற்கு வியாபாரியை நொந்து பயனில்லை.

மரத்திற்கு மருந்திடுதல் மனிதகுலத்தின் பழைய தொழில். பேழையின் உள்ளும் புறமும் கீல் பூசுமாறு நோவா பணிக்கப்பட்டதைத் தொடக்க நூலில் படிக்கிறோம். புதிய காலத்தில் இக்கலை நஞ்சுகளின் வரலாறாகவே வளர்ந்தது. 1832-இல் கயன் என்பவர் பாதரச உப்பில் மரத்தை ஊறவைக்கும் முறைக்கு உரிமை பெற்றார். 1838-இல் பெத்தெல் என்பவர், மூடிய இரும்பு உருளைக்குள் மரத்தை அடுக்கி, காற்றை உறிஞ்சி, நிலக்கரித் தாரெண்ணெயை அழுத்தத்தால் மரத்தின் உள்ளே செலுத்தும் முறையைக் கண்டார். உலகெங்கும் இருப்புப் பாதைக் கட்டைகள் அந்தக் கிரியோசோட் எண்ணெயால்தான் நெடுங்காலம் நின்றன. 1933-இல் நம் நாட்டவரான சோன்டி காமேசம், டேராடூன் ஆராய்ச்சியின் பயனாக, செம்பு, குரோமியம், ஆர்செனிக் மூன்றும் சேர்ந்த கலவைக்கு உரிமை பெற்றார். செம்பு பூசணத்தைக் கொல்லும். ஆர்செனிக் என்னும் பாஷாணம் கரையானைக் கொல்லும். குரோமியம் இரண்டையும் மழை கழுவிவிடாதபடி மரத்தோடு பிணைக்கும். ‘ஆஸ்கு’ என்னும் பெயரோடு உலகைச் சுற்றிய இக்கலவை, கோடிக்கணக்கான மின்கம்பங்களையும் வேலிக் கம்பங்களையும் காத்தது. இந்திய அறிவியலின் பெருமைகளுள் ஒன்று என்பதில் ஐயமில்லை.

ஆயினும் அதே கலவையை 2003-ஆம் ஆண்டின் இறுதியோடு வீட்டுத் தோட்ட மரங்களுக்கு இடுவதை அமெரிக்க உற்பத்தியாளர்கள் நிறுத்திக்கொண்டனர். குழந்தைகள் விளையாடும் சட்டங்களிலிருந்து ஆர்செனிக் அவர்கள் கைகளில் ஒட்டுவதும், மண்ணில் சிறிது சிறிதாகக் கசிவதும் கண்டறியப்பட்டமையே காரணம். கிரியோசோட்டைப் பொதுமக்கள் கையாளுவதற்கு ஐரோப்பிய ஒன்றியமும் அதே 2003-இல் தடை விதித்தது. அதிலுள்ள சில பொருள்கள் புற்றுநோய் விளைவிப்பவை.

நம் இல்லங்களுக்கு இதிலிருந்து ஒரு தனி எச்சரிக்கை உண்டு. மேல்நாட்டில் பழைய கம்பம் குப்பைக்குப் போகிறது. நம் வீட்டிலோ அது அடுப்புக்குப் போகிறது. ஒடிந்த கம்பம் நல்ல விறகல்லவா? ஆனால் ஆர்செனிக் மருந்திட்ட பச்சை நிறக் கம்பத்தை எரித்தால், அந்நஞ்சின் ஒரு பகுதி புகையோடு சமைப்பவரின் மார்புக்குள் செல்லும். எஞ்சியது சாம்பலில் தங்கும். அந்தச் சாம்பலைத்தான் பாத்திரம் துலக்க எடுக்கிறோம். கீரைப் பாத்திக்கும் தூவுகிறோம். பழைய மின்கம்பத் துண்டுகளையும், தார் மணக்கும் இருப்புப் பாதைக் கட்டைகளையும் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிக் காய்கறிப் பாத்திக்கு அணைகட்டுவோர் உள்ளனர். வேண்டாம். அவற்றை அடுப்பிலும் வைக்க வேண்டாம்.

நான் பூசிய எஞ்சின் எண்ணெயும் இதற்கு இளைத்ததன்று. எரிந்து கறுத்த அவ்வெண்ணெயில் உலோகத் துகள்களும் புற்றுநோய்க்குக் காரணமான பொருள்களும் உள்ளன. தூரிகையால் பூசினால் அது மரத்தினுள் தாள் கனத்திற்கு மேல் இறங்குவதில்லை. இரண்டு மழையில் கழுவப்பட்டு மண்ணுக்கும் பின் கிணற்றுக்கும் செல்கிறது. மரம் காக்கப்படாமலும் மண் கெடுவதுமாகிய இருவகை இழப்பு அது. கம்பத்தின் அடியைத் தீயில் கரிக்கும் பழைய வழக்கம் மண்ணுக்குத் தீங்கற்றது. ஆனால் கரியிலுள்ள வெடிப்புகள் வழியே ஈரம் புகுந்துவிடுவதால், அதனால் வரும் பயன் சிறிதே. வேப்பெண்ணெய் பூச்சியைச் சில காலம் விலக்கும். மண்ணில் நிற்கும் கம்பத்தை அதனால் மட்டும் காப்பாற்ற இயலாது.

வீட்டில் நாமே அச்சமின்றிச் செய்யக்கூடியது வெண்கார முறை. பந்தலின் மேற்கட்டுக்கு வேண்டிய மூங்கிலுக்கும் குச்சிகளுக்கும் இது மிகவும் ஏற்றது. பத்து லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 300 கிராம் வெண்காரமும் 200 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, அதில் மூங்கிலை ஒரு வாரம் மூழ்கவைக்க வேண்டும். முழு மூங்கிலாயின் கணுக்களுக்கு இடையே சிறு துளையிட்டால்தான் கரைசல் உள்ளே புகும். பின்னர் நிழலில் உலர்த்த வேண்டும். இம்மருந்து பூசணத்தையும் உளுவண்டையும் தடுக்கும். இதன் குறை நீரில் கரைவதே. எனவே மண்ணில் படும் பகுதிக்கு இது உதவாது. மழையில் நனையும் பகுதிக்கும் உலர்ந்தபின் வண்ணமோ ஆளிவிதை எண்ணெயோ மேலே பூச வேண்டும். (அவ்வெண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள், தாமே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்து அப்புறப்படுத்துங்கள்.) கரைசல் குழந்தைகளுக்கும் ஆடுமாடுகளுக்கும் எட்டாதிருக்கட்டும். மீந்ததைச் செடிகளுக்கு ஊற்றிவிடவும் கூடாது. வெண்காரம் மிகுந்தால் செடி கருகும்.

மண்ணில் நிற்கவேண்டிய பகுதிக்கு ஆசாரி காட்டிய வழியே சிறந்தது: அங்கே மரத்தை வைக்கவே வேண்டாம். இரண்டடிக் கல்காலைப் பாதிக்கு மேல் புதைத்து, வெளியே நிற்கும் பகுதியில் துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டைகளைப் பொருத்தி, அவற்றின் நடுவே மரத்தை நிறுத்திப் போல்ட் முடுக்கிவிடலாம். மரத்தின் அடி கல்லில் நேரே படியாமல் ஒரு விரற்கடை இடைவெளி இருந்தால் நீர் வடிந்துவிடும். கல் கிடைக்காத ஊரில் சிமெண்டுக் கட்டையும் ஆகும். அதன் தலையைக் குவிந்த வடிவில் பூசுவது இன்றியமையாதது. வசதியில்லாமல் மரத்தை மண்ணில் நட்டே தீரவேண்டியவர், குழியின் அடியில் ஒரு சாண் சரளைக்கல் இட்டு அதன்மேல் நட்டு, கம்பத்தைச் சுற்றி மண்ணை மேடாக்கி நீர் விலகச் செய்யட்டும். மருந்திட்ட கம்பம் வாங்குவதாயின், அழுத்த முறையில் மருந்தேற்றியதா, மருந்தில் ஆர்செனிக் உண்டா என்று கேட்டு வாங்க வேண்டும். வாங்கியபின் அடியை வெட்டக் கூடாது. வெட்டினால் மருந்தேறாத உட்பகுதியே மண்ணுக்குப் போகும்.

தலைப்பகுதியையும் மறந்துவிடலாகாது. மரம் பக்கவாட்டில் குடிக்கும் நீரைவிட வெட்டுவாய் வழியே குடிப்பது பன்மடங்கு. கம்பத்தின் உச்சியைச் சாய்வாக வெட்டினால் மழை வழிந்தோடும். எங்கள் வீட்டுப் பந்தற்கால்கள் ஒவ்வொன்றுக்கும் என் மனைவி ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். வழிப்போக்கர்கள் கண்ணேறு கழிப்பதற்கென்று எண்ணிக்கொள்கிறார்கள். ஈரமான மரத்திற்கு வண்ணம் பூசுவது, நோயை உள்ளே வைத்துப் பூட்டுவதற்கு ஒப்பு. சித்திரை, வைகாசி வெயிலில் நன்றாக உலர்ந்தபின்பே தூரிகையைத் தொட வேண்டும். கம்பத்தை ஒட்டி எரு குவிப்பதும், வேலியோரம் சருகைச் சேர்த்து வைப்பதும் பூசணத்திற்கும் கரையானுக்கும் இடும் அழைப்பு.

கல்லறைச் சிலுவைக்கு வருவோம். புதிய மரம் வாங்க நான் ஆயத்தமாகச் சென்றேன். ஆசாரி மறுத்துவிட்டார். உளுத்த பகுதிக்கு மேலே ஒரு முழம் கூடுதலாகவே அறுத்தெறிந்தார். கண்ணுக்கு நலமாகத் தோன்றும் பகுதிக்குள்ளும் பூசண இழை ஓடியிருக்கும் என்பது அவர் கணக்கு. இழைப்புளியால் கரிய எண்ணெய்ப் படலத்தைச் சீவியெடுத்தார். வெள்ளையாக இருந்த பக்கத்தை வைரம் தெரியும்வரை செதுக்கினார். குறுக்குச் சட்டத்தைப் பொருத்தியிருந்த இடத்தில் நீர் தேங்காதபடி மேல்விளிம்பைச் சாய்த்தார். பின்பு கல்லறையின் தலைமாட்டில் கல்காலை நட்டு, அதன்மேல் சிலுவையை நிறுத்திப் போல்ட் முடுக்கினோம். சீவலையும் உளுத்த துண்டையும் எரிக்க வேண்டாமென்று அவரிடம் சொல்லி நானே எடுத்து வந்துவிட்டேன்.

ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன் ஒரு பேனாக்கத்தியோடு அங்கே செல்கிறேன். மரத்தின் அடியில் நுனியை வைத்து அழுத்திப் பார்ப்பேன். இதுவரை கத்தி இறங்கியதில்லை. சிலுவை மட்டும் முன்னைவிட ஒரு முழத்திற்குமேல் குட்டை. அம்மாவின் பெயரைப் படிக்க இப்போது சற்றே குனிய வேண்டியிருக்கிறது.